பனிக்காலத்து பேஸ்பால் பித்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் குடியிருக்கிறேன். இந்த ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் ரசிகன். நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை ஆட்டமே இல்லாத மாதங்களில்தான் என் பித்து உச்சத்துக்கு ஏறும். வீட்டிலும் அலுவலகத்திலும் கோயில் பிரசாத வரிசையிலும் ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இனி யார் கேட்டாலும் இதைக் கையில் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.

ஆட்டமே இல்லையே, பிறகு எதற்கு நடுராத்திரியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இது என் மாமியார் கேட்ட கேள்வி. "அங்கே பந்து விளையாட்டெல்லாம் முடிந்துவிட்டதாமே மாப்பிள்ளை, இன்னும் தூங்கவில்லையா?" என்றார்.

முடியவில்லை அத்தை, இப்போதுதான் ஆரம்பம். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் ஃப்ரீ ஏஜென்ட்களாகச் சந்தைக்கு வருவதும், அணிகள் ஒன்றோடொன்று ஆட்களை மாற்றிக்கொள்வதும், அடுத்த ஆண்டுக்கான கனவு கட்டப்படுவதும் இந்தக் குளிரில்தான். அமெரிக்கர்கள் இதை ‘ஹாட் ஸ்டவ்’ என்பார்கள். பனிக்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேஸ்பால் கதை பேசிய காலத்துப் பெயர். நம் ஊர்த் திண்ணைப் பேச்சுதான், வெளியே மைனஸ் பத்து டிகிரி என்பது மட்டும் வித்தியாசம்.

போயும் போயும் பைரேட்ஸா?

நியாயமான கேள்வி. கடைசியாக வேர்ல்ட் சீரிஸ் (ஆண்டின் சாம்பியன் கோப்பை) வென்றது 1979. 1992 அக்டோபர் 14 அன்று அட்லாண்டாவில், வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய தகுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், இன்னும் ஒரே ஒரு அவுட் மிச்சம் இருந்தபோது, அட்லாண்டாவின் சிட் பிரீம் சறுக்கி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டு வெற்றி ரன் எடுத்தார். ஆமை வேகத்தில் ஓடுபவர், அதுவும் பைரேட்ஸின் பழைய ஆட்டக்காரர். அதோடு கதை முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் நட்சத்திரம் பேரி பாண்ட்ஸ் 6 ஆண்டு, 4.375 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். அதன்பின் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள், ஓர் ஆண்டிலும் வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமாக இருந்ததில்லை.

நான் இந்த ஊருக்கு வந்ததே அந்த இருபது ஆண்டுகளின் நடுவில். ஆகவே என்னை யாரும் ஏமாற்றவில்லை. தெரிந்தேதான் விழுந்தேன்.

குளிர்காலத்தில் அப்படி என்னதான் செய்வீர்கள்?

கணக்குப் பார்ப்பேன். மனைவி வீட்டுச் செலவுக்கு ஓர் எக்ஸெல் கோப்பு வைத்திருக்கிறார். அதைவிடப் பெரிய கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது: யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் பாக்கி, எந்த ஆண்டு எவ்வளவு சம்பளம், யார் எப்போது கைவிட்டுப் போவார். நவம்பரில் யாரை ஒப்பந்தம் இல்லாமல் விடுவித்தார்கள் என்று பார்ப்பேன். டிசம்பரில் குளிர்காலக் கூட்டம், அதில் டிராஃப்ட் லாட்டரி (புது வீரர்களை எந்த அணி முதலில் தேர்ந்தெடுப்பது என்று குலுக்கிப் போடுவது), ரூல் 5 டிராஃப்ட். ஜனவரியில் மிச்சம் மீதி.

இதில் லாட்டரியைச் சிரிப்பாக எண்ண வேண்டாம். 2022 டிசம்பரில் முதன்முதலாக நடந்த லாட்டரியில் முதலிடம் பைரேட்ஸுக்கு விழுந்தது. அந்த முதலிடத்தில் 2023 ஜூலையில் எடுத்தவர்தான் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ். 2024-இல் ஆண்டின் சிறந்த புதுமுகம். 2025-இல் ஒரு வாக்குக்கூடச் சிதறாமல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நான் சொல்லும் எல்லாக் கணக்கும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும்.

ரூல் 5 டிராஃப்ட் என்றால் என்ன? அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் உங்கள் முகம் மாறுகிறதே?

ஓர் அணி சில ஆண்டுகள் கீழ்நிலைக் குழுக்களில் வைத்திருந்தும் தன் முதன்மைப் பட்டியலில் சேர்க்காத வீரரை, இன்னோர் அணி சிறு கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். வீரரைச் சேர்த்துப் பூட்டி வைக்காதே என்பதற்கான விதி. இன்றைய கட்டணம் 1 லட்சம் டாலர். பெரும்பாலும் இதில் எடுக்கப்படுபவர்கள் பெயர் தெரியாமலே போய்விடுவார்கள்.

1954 நவம்பரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் (இன்றைய லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ்தான்) அணி, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 20 வயதுப் பையன் ஒருவனை மான்ட்ரியலில் இருந்த தன் கிளை அணியில் அதிகம் ஆடவிடாமல் வைத்திருந்தது. கடைசி இடத்தில் முடித்ததால் முதல் தேர்வு பைரேட்ஸுக்கு. 4,000 டாலர் கட்டி எடுத்துக்கொண்டார்கள். பெயர் ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே.

18 ஆண்டுகள் இங்கேயே ஆடினார். 1972 செப்டம்பர் 30 அன்று 3,000-ஆவது ஹிட், அதாவது வெற்றிகரமான அடி. அதே டிசம்பரில் நிகராகுவாவில் நிலநடுக்கம். நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு டிசம்பர் 31 இரவு சான் ஹுவானிலிருந்து கிளம்பிய விமானம் கடலில் விழுந்தது. அதில் அவரும் இருந்தார். ஊரே புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் அந்த இரவில் இங்கே சில வீடுகளில் அவருடைய பெயரும் வந்துபோகும். எங்கள் வீட்டில் என் மகள் அவர் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டாட்ஜர்ஸிடமிருந்து 4,000 டாலருக்குக் கிளெமென்ட்டேயை எடுத்த ஊர் இது. அதனால்தான் டிசம்பரில் ரூல் 5 பட்டியல் வந்தால் ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன்.

ஐபிஎல் போல எல்லா அணிக்கும் ஒரே பணப்பை கொடுத்துவிட்டால் தொல்லை இல்லையே?

2025 ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் உச்சவரம்பு. ரிஷப் பந்தை 27 கோடிக்கு லக்னோ எடுத்தது என்றால் மீதிப் பேருக்கு அவ்வளவு குறைவு. பேஸ்பாலில் ஏலமும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. அமெரிக்காவின் நான்கு பெரிய விளையாட்டுகளில் உச்சவரம்பு இல்லாதது இது ஒன்றுதான்.

இருப்பது ஆடம்பர வரி. 2025-இல் ஓர் அணியின் சம்பளக் கணக்கு 24.1 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி. அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர்ந்து தாண்டினால் விகிதம் ஏறும். மிக உயரத்துக்குப் போனால் ஒரு டாலர் கூடுதலாகச் செலவழிக்க 1.10 டாலர் வரி கட்ட வேண்டிவரும். டாட்ஜர்ஸ் அந்த ஆண்டுக்குக் கட்டிய வரி மட்டும் சுமார் 16.9 கோடி டாலர். பைரேட்ஸ் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்த சம்பளத்தைவிட அது அதிகம். அவர்கள் அபராதமாகக் கட்டுவது எங்கள் மொத்தக் குடும்பச் செலவைவிடப் பெரிது.

அப்படியானால் டாட்ஜர்ஸ் மேல் உங்களுக்குக் கோபம்தானே?

இல்லை. இதைச் சொன்னால் இங்குள்ள நண்பர்கள் என்னை அடிக்க வருகிறார்கள்.

ஷோஹெய் ஒட்டானிக்கு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடியைப் பிறகு தருகிறோம் என்று 2034–2043-க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். 2026 ஜனவரியில் கைல் டக்கருக்கு 4 ஆண்டுக்கு 24 கோடி. 2024-இலும் 2025-இலும் கோப்பை அவர்களுக்கே. பணம் இருக்கிறது, செலவழிக்கிறார்கள், ஜெயிக்கிறார்கள், அடுத்த ஆண்டு இன்னும் செலவழிக்கிறார்கள். அவர்களின் ரசிகன் இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தம் ஒன்றே அவர்களுக்கு 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர். லாஸ் ஏஞ்சல்ஸ் பெரிய ஊர் என்பது அவர்கள் குற்றமா?

பக்கத்து வீட்டில் தினமும் விருந்து நடக்கிறது என்பதற்காக நான் கோபப்பட மாட்டேன். என் வீட்டில் அரிசிக்குக் கொடுத்த பணத்தில் உலை வைத்தார்களா என்றுதான் கேட்பேன்.

அந்த அரிசிப் பணம் எது?

ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுக் குளத்தில் போடுகிறது. குளம் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. கூட்டிக் கழித்தால் பெரிய ஊர் அணிகளின் கையிலிருந்து போகும், சிறிய ஊர் அணிகளின் கைக்கு வரும். எங்களுக்கு வருகிறது. களத்தில் அணியை மேம்படுத்தத்தான் அந்தப் பணம் என்பது விதி. அப்படிச் செலவழித்ததாகத் தெரியவில்லை என்று 2018 பிப்ரவரியில் வீரர் சங்கம் நான்கு அணிகள் மீது புகார் கொடுத்தது. அதில் ஒன்று பைரேட்ஸ். 2001-இல் திறந்த பிஎன்சி பார்க் மைதானமும் பெரும்பகுதி பொதுப் பணத்தில் கட்டியதுதான்.

2007 முதல் முதன்மை உரிமையாளர் பாப் நட்டிங். 2025-இன் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று மைதானத்துக்கு மேலே ஒரு சிறு விமானம் "அணியை விற்றுவிடு பாப்" என்று பதாகை கட்டிக்கொண்டு சுற்றியது. அதே மாதத்தில் வலப்பக்கச் சுவரிலிருந்த கிளெமென்ட்டேயின் 21-ஆம் எண் சின்னத்தை மறைத்து ஒரு மது விளம்பரம் முளைத்தது. ஊர் கொதித்த பிறகு சின்னம் திரும்ப வந்தது. 21 அடி உயரச் சுவர் அது, அவர் எண்ணுக்காகவே அந்த உயரம். இதை மறந்துபோனேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்கள் நிர்வாகம் அளந்துகொண்டே இருக்கிறது. போடுவதாகக் காணோம்.

பணம் கொட்டினால் மட்டும் ஜெயித்துவிடலாமா?

இல்லை. 2023-இல் நியூயார்க் மெட்ஸ் வரலாறு காணாத சம்பளம் கொடுத்து 75 ஆட்டம் மட்டும் ஜெயித்தது, வரி மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். மறுபக்கம், எல்லாவற்றிலும் சிறிய சந்தையான மில்வாக்கி 2025-இல் 97 வெற்றியோடு அனைத்து அணிகளுக்கும் மேலே நின்றது. பிறகு டாட்ஜர்ஸிடம் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது வேறு கதை. கடைசி ஆட்டத்தில் ஒட்டானி மூன்று ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து, தானே பந்து வீசிப் பத்துப் பேரை ஸ்டிரைக் அவுட்டும் ஆக்கினார். அதற்கு விதியை மட்டும்தான் நொந்துகொள்ள முடியும்.

பணம் வாங்குவது வெற்றியை அல்ல, தவறு செய்ய இடத்தை. மெட்ஸ் பத்துப் பேரைத் தவறாக எடுத்தாலும் பதினோராவது ஆளை எடுக்க முடியும். பைரேட்ஸ் 2018-இல் கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சருக்காக டைலர் கிளாஸ்நௌ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் தாரை வார்த்தது. அந்த ஒரு தவறிலிருந்து எழுந்திருக்க எத்தனை வருடம் ஆயிற்று என்று என் எக்ஸெல் கோப்பைக் கேளுங்கள். கிளாஸ்நௌ இப்போது டாட்ஜர்ஸில் இருக்கிறார் என்பதை நான் சொல்லவா வேண்டும்.

எவ்வளவு செலவழித்தால் உங்களுக்குத் திருப்தி?

1.7 கோடி டாலர்.

சிரிக்க வேண்டாம். 2012 நவம்பரில் ரஸ்ஸல் மார்ட்டின் என்ற கேட்சரை (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) 2 ஆண்டுக்கு 1.7 கோடி கொடுத்துப் பைரேட்ஸ் எடுத்தது. அடிப்பதில் சுமார்தானே, இவருக்கு எதற்கு இவ்வளவு என்று நானே புலம்பினேன். அதே குளிர்காலத்தில் ஃபிரான்சிஸ்கோ லிரியானோ என்ற பிட்சரையும் பேசி முடித்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று தன் பிள்ளைகளை வேடிக்கையாகப் பயமுறுத்தப் போய், கதவில் இடித்துக் கையை உடைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. வழக்கம்போல நம் தலையெழுத்து என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

2013 அக்டோபர் 1. இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஊரில் நாக்அவுட் ஆட்டம். 40,000 பேர் கறுப்புச் சட்டையில். சின்சினாட்டியின் ஜானி குவேட்டோ பந்து வீச நிற்கிறார். மைதானம் முழுவதும் "குவே-ட்டோ" என்று ராகம் போட்டு இழுத்துக் கூப்பிடுகிறது. பந்து அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார், வீசினார். அடுத்த பந்தே இடப்பக்க இருக்கைகளுக்குப் பறந்தது. அடித்தவர் மார்ட்டின். அன்று ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தவர் லிரியானோ. ஆறுக்கு இரண்டு என்று வென்றோம்.

அந்த இரவின் இரண்டு நாயகர்களும் குளிர்காலத்தில் காசு கொடுத்து வாங்கப்பட்டவர்கள். நான் கேட்பது 70 கோடி அல்ல.

பிறகு மார்ட்டின் என்ன ஆனார்?

2014 முடிந்ததும் டொரான்டோ 5 ஆண்டுக்கு 8.2 கோடி கொடுத்தது. போய்விட்டார். 2015-இல் நாங்கள் 98 ஆட்டம் வென்றும் ஒற்றை நாக்அவுட் ஆட்டத்தில் ஷிகாகோவிடம் வீழ்ந்தோம். அன்றிலிருந்து அக்டோபர் எங்களுக்கு வெறும் இலையுதிர் காலம்.

இந்தக் குளிர்காலத்தில் செலவழித்திருக்கிறார்களே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறேன். ரையன் ஓஹெர்னுக்கு 2 ஆண்டு, 2.9 கோடி டாலர். ஃப்ரீ ஏஜென்ட் ஒருவருக்குப் பைரேட்ஸ் ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் கொடுப்பது 2016 டிசம்பரில் ஐவன் நோவாவுக்குக் கொடுத்ததற்குப் பிறகு இதுதான் முதல்முறை. நடுவில் ஒன்பது ஆண்டுகள். என் மகள் அந்த நேரத்தில் மழலையர் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டாள். மூன்று அணிகள் சேர்ந்த பேரத்தில் பிராண்டன் லோவும் வந்திருக்கிறார். நல்ல அடி அடிப்பவர்.

மகிழ்ச்சிதான். ஆனால் இந்த 2.9 கோடி என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. 1991 டிசம்பரில் பாபி போனியா பைரேட்ஸை விட்டு மெட்ஸுக்குப் போன ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு 2.9 கோடி. அன்றைக்கு அது சாதனைத் தொகை. எங்களால் முடியாது என்று கைவிட்டார்கள். பிற்பாடு மெட்ஸ் அவருக்குக் கொடுக்க வேண்டிய 59 லட்சத்தை வட்டியோடு பிறகு தருகிறோம் என்று தள்ளி வைத்ததில், 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் சுமார் 11.9 லட்சம் டாலர் அவருக்குப் போய்ச் சேருகிறது. ஆட்டத்தை விட்டு இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், பைரேட்ஸின் சில இளம் வீரர்களைவிட அவர் அதிகம் சம்பாதிக்கிறார்.

ஸ்கீன்ஸ் இருக்கும்போது என்ன பயம்?

பயமே அவரால்தான்.

வீரர் முதல் மூன்று ஆண்டுகள் கிட்டத்தட்டக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடுவார். 2026-இல் அது 7.8 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகள் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரிடம் (ஆட்ட நடுவர் அல்ல) முறையிட்டு உயர்வு கேட்கலாம். ஆறு ஆண்டுகள் முடிந்தால் சந்தைக்குப் போகலாம். ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்றுதான் முதல் ஆட்டம் ஆடினார். ஆனால் சிறந்த புதுமுகமாகத் தேர்வானதால் அந்த ஆண்டு அவருக்கு முழு ஆண்டாகவே எழுதப்பட்டது. எனவே 2029 முடிந்ததும் அவர் சுதந்திர மனிதர்.

2025-இல் அவர் சம்பளம் 8.75 லட்சம் டாலர். இளம் வீரர்களுக்கான ஊக்கத்தொகை நிதியிலிருந்து 34 லட்சம் கிடைத்தது. அது எல்லா அணிகளும் சேர்ந்து போடும் பணம். ரன் சராசரி 1.97. அதாவது அவர் வீசும் ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணிக்கு இரண்டு ரன்கூடத் தேறாது. அப்படி வீசியும் அவர் கணக்கில் பத்து வெற்றி, பத்துத் தோல்வி. நம் அடிப்பவர்கள் அவருக்குச் செய்த கைம்மாறு அது. அணி 71 வெற்றி, 91 தோல்வி.

உலகின் மிகச் சிறந்த பிட்சர் கிட்டத்தட்ட இலவசமாக ஆடும் ஆண்டுகள் இவை. அவருக்குக் கொடுக்காமல் மிஞ்சும் கோடிகளை அவரைச் சுற்றிச் செலவழிக்க வேண்டிய நேரமும் இதுதான். அதில் இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே வீணாகிவிட்டன.

சிறிய ஊர் அணி எதுவும் இதைச் செய்ததில்லையே?

கன்சாஸ் சிட்டி செய்தது. 2023-இல் 106 தோல்வி. அந்தக் குளிர்காலத்தில் உரிமையாளர் பணப்பையைத் திறந்தார். சந்தையிலிருந்து சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்று பிட்சர்கள் வந்தார்கள். 2024 பிப்ரவரியில் இளம் நட்சத்திரம் பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டு, சுமார் 28.9 கோடி டாலர். அதே ஆண்டு 86 வெற்றி, நாக்அவுட் சுற்று. லூகோ சை யங் வாக்கெடுப்பில் இரண்டாமிடம். விட் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் இரண்டாமிடம்.

எங்கள் ஊரைவிடச் சிறிய சந்தை அது.

அப்படியானால் சம்பள உச்சவரம்பு வேண்டும் என்கிறீர்களா?

உச்சவரம்பு மட்டும் வந்தால் முதலாளிகளுக்குத்தான் கொண்டாட்டம். எனக்கு வேண்டியது, ஒவ்வோர் அணியும் இவ்வளவாவது செலவழித்தாக வேண்டும் என்ற கீழ்வரம்பு. இதே ஊரில் அமெரிக்கக் கால்பந்தின் ஸ்டீலர்ஸ், ஐஸ் ஹாக்கியின் பென்குயின்ஸ் இரண்டு அணிகளும் அவரவர் லீகில் உச்சவரம்பும் கீழ்வரம்பும் சேர்ந்த ஏற்பாட்டில் ஆடுகின்றன. ஸ்டீலர்ஸ் ஆறு சூப்பர் பவுல், பென்குயின்ஸ் ஐந்து ஸ்டான்லி கோப்பை. சிறிய ஊர் என்ற சாக்கு அங்கே செல்லவில்லை. அதே ஆறுகள், அதே பாலங்கள்.

வீரர்கள் உச்சவரம்பை ஒப்ப மாட்டார்கள். 1994-இல் இதற்காகவே ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி, வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. போன தடவை முடிந்தபோது முதலாளிகள் கதவைப் பூட்டி 99 நாள் திறக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் எனக்குப் பார்க்க ஒப்பந்தச் செய்திகூட இருக்காது போலிருக்கிறது. மாமியாருக்கு நிம்மதி.

அக்டோபரில் ஒரு நாள் விடுப்பு எடுத்துச் சுவரைப் பார்க்கப் போகிறீர்களாமே?

அக்டோபர் 13. ஓக்லாண்ட் பகுதியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், இடித்துவிட்ட எங்கள் பழைய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் வெளிச்சுவரில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. 1960-இல் அதே தேதியில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில் பில் மாஸரோஸ்கி அடித்த ஹோம் ரன் தாண்டிப் போன இடப்பக்கச் சுவர் இதற்குச் சற்றுத் தள்ளி இருந்தது. அந்த ஏழு ஆட்டங்களில் யாங்கீஸ் 55 ரன், நாங்கள் 27. ஆனாலும் கோப்பை எங்களுக்கு.

ஆண்டுதோறும் அந்த நாளில் ரசிகர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்து உட்கார்ந்து, பழைய வானொலி வர்ணனையை முதலிலிருந்து கேட்போம். அன்று ஹோம் ரன் விழுந்த மணி 3:36. ஒலிப்பதிவை அதற்கு ஏற்றபடி ஓடவிடுவார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்ததும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் எண்பது வயதுக்காரர் நகம் கடிப்பார். எங்கள் ஆட்டம் செப்டம்பரிலேயே முடிந்துவிடுவதால் என் கணக்குப்படி குளிர்காலம் அந்தச் சுவரடியில்தான் தொடங்குகிறது.

இவ்வளவு குறை சொல்கிறீர்கள், இந்த ஆண்டு டிக்கெட் வாங்காமல் இருந்து காட்டுவீர்களா?

நவம்பரில் அப்படித்தான் சபதம் செய்தேன். மனைவி நாட்காட்டியில் எழுதியும் வைத்தார்.

ஓஹெர்ன் செய்தி வந்த இரவில் முதல் வாரத்து ஆட்டம் ஒன்றுக்கு மூன்று இருக்கைகள் வாங்கிவிட்டேன், வலப்பக்கம், 21-க்குப் பக்கத்தில். ஸ்கீன்ஸ் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார் என்பதால் எந்த நாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். மழை வந்து ஓர் ஆட்டம் தள்ளிப்போனால் கணக்குத் தப்பிவிடும். ஏப்ரலில் இந்த ஊரில் மழை வரும்.